எச்சில் இலை போன வழி

ராஜபாளையம்

தென்காசியிலிருந்து வடக்கே வரும் சாலையில் இடது கைப்பக்கம் மேற்கு மலை விடாமல் கூடவே வருகிறது. ஊர் நெருங்க நெருங்க நூற்பாலைகளின் நீளச் சுவர்களும் மாந்தோப்புகளும் மாறி மாறி வருகின்றன. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு டீக்கடையில் நிற்கிறார்கள். ஆனால் ராஜபாளையம் என்ற பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் பஞ்சு நினைவுக்கு வருவதில்லை, நாய்தான் வருகிறது. உடல் முழுக்க வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்றில் இந்த நாய் நிற்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் பெயர் சொன்ன நாட்டு நாய்களிலும் இது உண்டு. ஊரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உயரம் பேசுவார்கள், காது பேசுவார்கள், தாய் தகப்பன் வழி பேசுவார்கள், பன்றி வேட்டைக்குப் போன காலம் பேசுவார்கள். அந்த ஒட்டிய வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

நாய் வாந்தி எடுத்தால் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: "கண்டதத் தின்னிருக்கும்." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் 'கண்டது' எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பை ஒட்டிய வ. புதுப்பட்டிக்கும், அங்கிருந்து மலையடிவாரத்துக்கும் போகும் வழி முழுக்க நாயும் மாடும் ஆடும் குரங்கும் மனிதன் போட்டதைத் தின்று வாழ்கின்றன. இந்த வழியைப் பார்த்தபின் என் கருத்து உறுதியாகிவிட்டது. இந்தப் பிராணிகளின் இரைப்பை அழற்சியில் பெரும்பங்கு அவற்றின் பெருந்தீனியால் வருவதில்லை. நம் எச்சில் மாறியதால் வருகிறது. நாம் அதற்குக் கொடுக்கும் கை மருந்து பல சமயம் அதே புண்ணை ஆழமாக்குகிறது.

இரைப்பை என்பது தன்னையே கரைக்கக்கூடிய அமிலத்தைச் சுமந்துகொண்டிருக்கும் பை. வெறும் வயிற்றில் நாயின் இரைப்பை நீரில் பி.எச். அளவு 1, 2 என்ற கணக்கில் இறங்குகிறது. எலும்பை இளக்கும் வலு அதற்கு உண்டு. அந்த அமிலம் சுவரைத் தொடாமல் தடுப்பது வழவழப்பான ஒரு கோழைப் படலமும், அதற்குள் ஊறும் காரமும், சுவருக்கு இடைவிடாமல் ஓடும் இரத்தமும். இந்த மூன்றையும் நடத்தி வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல்வேதிப்பொருள். கூரான எலும்புச் சில்லோ பிளாஸ்டிக் விளிம்போ படலத்தைக் கிழித்தாலும், கெட்ட கொழுப்போ நச்சோ அதைச் சுட்டாலும், புரோஸ்டாகிளாண்டின் சுரப்பது நின்றாலும் அமிலம் சுவரில் இறங்கிவிடும். சுவர் சிவந்து வீங்குகிறது. நாய் உதட்டை நக்குகிறது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறது, முதுகை வளைத்து நிற்கிறது, பிறகு மஞ்சள் நுரையாகக் கக்குகிறது. சுவர் ஆழமாக அரித்து இரத்தம் கசிந்தால், அந்த இரத்தம் அமிலத்தில் வெந்து காப்பித்தூள் கலந்த தண்ணீர் போல வெளியே வரும். காப்பி நிறத்தில் கக்கிய நாயை "பித்தம்" என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது மிகப் பெரிய தவறு.

புரோஸ்டாகிளாண்டினை நிறுத்துவது வேறெதுவும் இல்லை, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் வலி மாத்திரைதான். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வேலை செய்வதே அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான். மனிதனுக்கே அவை வயிற்றைப் புண்ணாக்குகின்றன. நாயின் உடலில் அவை இன்னும் அதிக நேரம் தங்குகின்றன, குடலிலிருந்து மறுபடி மறுபடி உறிஞ்சப்படுகின்றன. வேலி தாண்டிக் காலைச் சுளுக்கிக்கொண்ட நாய்க்குப் பாசத்தோடு சோற்றில் பிசைந்து கொடுக்கிற மாத்திரை இரைப்பையில் ஓட்டை போடலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே எமன். அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு கிடையாது.

இன்னொரு பழக்கம் அமிலக் குறைப்பு மாத்திரை. 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் பெட்டிக்கடைவரை வந்துவிட்ட அது நாய்க்கும் போகிறது. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவர்களின் அமைப்பு 2018இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இரைப்பையில் புண்ணும் அரிப்பும் இருக்கும்போது அமிலக் குறைப்பு மருந்துகள் உதவும், புண்ணில்லாத சாதாரண அழற்சியில் அவை பயன் தருவதற்குச் சான்றில்லை என்பது அதன் முடிவு. இது சின்ன விஷயம் போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாந்தியைக் கண்டதும் மாத்திரையைத் தேடுகிற கை, தட்டில் என்ன இருந்தது என்று பார்க்க மறந்துவிடுகிறது.

ராஜபாளையம் நாயின் உடல்வாகு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆழ நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம். ஒரு நாளைக்கு ஒரே வேளை வயிறு முட்டப் போடுவது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றுமே வராமல், வயிறு மத்தளம் போல ஊதிய நாய்க்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். அது அழற்சி அல்ல, அறுவைக்குப் போகவேண்டிய அவசரம். ராத்திரி ஒரு வேளை மட்டும் பெரிய சட்டியில் ஊற்றுவது காவல் நாய்க்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையை இந்த ஊர் விட்டுவிடுவது நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூர்

பன்னிரண்டு கிலோமீட்டர் போவதற்குள் கோபுரம் தெரிந்துவிடுகிறது. மாநில அரசின் முத்திரையில் நாம் தினமும் பார்க்கிற அந்தப் பதினோரு நிலைக் கோபுரம் வீட்டுக் கூரைகளுக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறது. ரத வீதிகளில் பால்கோவாக் கடைகள். அகலமான இரும்புச் சட்டியில் பால் சுண்டிச் சுண்டி, ஓரத்தில் ஒட்டுவதை நீளக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். விறகுப் புகையும் சுண்டிய பாலும் கலந்த மணம் தெருவில் நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். இலையில் வைத்து மடித்துக் கொடுத்தால் கையில் ஒரு சூடு இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் தின்பதுதான் முறை என்பார்கள் ஊர்க்காரர்கள்.

இந்தத் தெருவில் நாய்கள் அமைதியானவை. கடைக்குக் கடை ஒன்று படுத்திருக்கிறது, கடைக்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. சென்னையில் ஒரு தெருநாயைச் சுற்றி இரண்டு கட்சி உண்டு. இங்கே நாய் தெருவின் ஓர் உறுப்பு. அதனாலேயே என் வாதத்துக்கு முதல் மறுப்பு இந்தத் தெருவில்தான் எழும். "எச்சில் இலையை நக்கித்தானே நாய் இத்தனை காலம் பிழைத்தது? அப்போதெல்லாம் எந்த டாக்டர் வந்தார்?"

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது, அறிவியலும் பாதிவரை இதன் பக்கம் நிற்கிறது. 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாய், ஓநாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள்தான் இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருந்தன. மனிதன் உழத் தொடங்கி, சோறும் ரொட்டியும் மிஞ்சத் தொடங்கியபின், அந்த மிச்சத்தைச் செரிக்கத் தெரிந்த நாய்கள் பெருகியிருக்கின்றன என்பதற்கான தடயம் அது. ஆக, சோற்றுப் பருக்கையும் குழம்பின் அடிக்கசடும் நாய்க்கு அந்நியம் இல்லை. கம்பங்கூழிலும் கேப்பைக் கஞ்சியிலும் மோர்ச் சோற்றிலும் வளர்ந்த நாட்டு நாய் உறுதியாகவே இருந்தது.

மாறியது எச்சிலின் உள்ளடக்கமும் அதன் மேல்துணியும். விருதுநகர் மாவட்டம் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பெயர் போனது. சாயங்காலம் கடையில் வாங்குகிற சால்னாவை மெல்லிய கேரிபேக்கில் ஊற்றி, காற்றடைத்து, வாயை நூலால் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துக் கட்டித் தருகிறார்கள். அந்தக் கட்டு வீட்டில் அவிழ்வதில்லை. பையின் மூலையைக் கிள்ளி ஊற்றிவிட்டு மிச்சத்தோடு அப்படியே எறிகிறோம். உள்ளே இரண்டு கரண்டி சால்னா, மிதக்கும் எண்ணெய், வெங்காயம், ஒரு கோழி எலும்பு. நாய்க்குக் கட்டை அவிழ்க்கக் கை இல்லை. பை முழுக்கக் குழம்பு வாசனை இருப்பதால் பையும் உணவின் ஒரு பகுதி என்றே அதன் மூக்கு சொல்கிறது. முன்பு அதே குழம்பு வாழை இலையிலோ மண் சட்டியிலோ கிடந்தது. நாய் நக்கியது, இலை கிடந்தது, பிறகு மாடு வந்து இலையைத் தின்றது. ஒரே எச்சிலில் இரண்டு பிராணிகள் கேடில்லாமல் பசியாறின. இன்று நாயின் இரைப்பையில் பை சுருண்டு உட்கார்ந்து வெளிவழியை அடைக்கிறது, கோழி எலும்பு உரசிய இடம் புண்ணாகிறது, அதிகக் கொழுப்பு கணையத்தைக் கிளறுகிறது, வெங்காயம் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. நாய் மாறவில்லை. பழைய நாயைப் புதிய எச்சிலின் முன் உட்கார வைத்திருக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு படித்தவர்களிடமிருந்து வருகிறது. வயிற்றுப்புண் என்பது கிருமியால் வருவது, பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்காக 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள், நாய்க்கும் அதே கதையாக இருக்காதா என்பது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கதை நாயிடமிருந்துதான் தொடங்கியது. இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ 1893இல் நாய்களின் இரைப்பைச் சுரப்பிகளுக்குள் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டு எழுதினார். மனித இரைப்பையின் கிருமி ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பு அது. ஆனால் நாயின் விஷயத்தில் அந்தச் சுருள் கிருமிகள் வாந்தி எடுக்கும் நாயிலும் இருக்கின்றன, துள்ளி விளையாடும் நாயிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்கின்றன. அதனால் கிருமியைக் கண்டதும் அதுதான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. மற்றக் காரணங்களையெல்லாம் விலக்கி, குழாய்க் கருவியை உள்ளே விட்டுச் சுவரிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபின்தான் மருத்துவர்கள் அதற்கு மருந்து கொடுக்க யோசிக்கிறார்கள். இவான் பாவ்லோவ் செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பெற்றபோது அதன் பின்னால் இருந்ததும் நாய்களின் இரைப்பைதான். அவருடைய ஆய்வகத்தில் நாய்களிடமிருந்து வடித்தெடுத்த இரைப்பை நீர் மனிதர்களின் மந்தத்துக்கு மருந்தாக விற்கப்பட்டது. மனித வயிற்றைப் புரிந்துகொள்ள இவ்வளவு கொடுத்த ஒரு பிராணியின் வயிற்றை நாம் ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகப் படவில்லை.

கிருஷ்ணன்கோவில் சாலை

மதுரைச் சாலையில் கிருஷ்ணன்கோவில் வந்ததும் வத்திராயிருப்புக்கு மேற்கே திரும்ப வேண்டும். திரும்பியதும் நிலம் மாறுகிறது. கரிசலும் செம்மண்ணுமாகக் கிடந்தது போய்க் கண்மாயும் தென்னையும் வயலும் தொடங்குகின்றன. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கீதாரிகள் வலைக்குள் ஆடுகளை அடைத்துவிட்டு, மூன்று கல் வைத்துச் சோறு பொங்குகிறார்கள். கிடை நாய்க்கும் அதே பானையிலிருந்துதான் சோறு. குழம்பு ஊற்றுவதற்கு முன் எடுத்து ஆறவைத்த வெறுஞ்சோறும், வடித்த கஞ்சியும். இந்த எளிய தட்டு, வயிறு புண்ணான நாய்க்கு இன்றைய மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் பத்தியத்துக்கு மிக அருகில் இருக்கிறது. குழைந்த சோறும் மசாலா இல்லாமல் வெந்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை என்பதுதான் அந்தப் பத்தியம்.

ஆடு எதையும் தின்னும் என்ற பேச்சு தவறு. ஆட்டின் மேலுதடு பிளந்து, விரல் போல நகர்கிறது. கருவேலங் காயையும் முள்ளுக்கு நடுவே உள்ள தளிரையும் அது பொறுக்கித்தான் எடுக்கிறது. மாட்டுக்கு அந்த வசதி இல்லை. அது நாக்கைச் சுழற்றி வாரிச் சுருட்டி விழுங்குகிறது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. உள்ளே போனதைத் துப்ப வழியில்லை. நாயைப் போல மாடு சுலபமாக வாந்தி எடுக்கவும் முடியாது. நாய் கக்குவதைப் பார்த்து நாம் பதறுகிறோம். உண்மையில் அந்தப் பிராணிக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அது. குதிரையால் வாந்தியே எடுக்க முடியாது. பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பையில் புண் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நாள் முழுக்க மேயப் பிறந்த பிராணியை லாயத்தில் நிறுத்தி இரண்டு வேளை தானியம் போட்டதன் விளைவு அது.

மாட்டின் வயிற்றில் கம்பியும் ஆணியும் போனால் தேன்கூடு போன்ற இரண்டாம் அறையில் தங்குகின்றன. அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தசைத் திரைதான். சினை பெருத்து வயிறு அழுத்தும்போது கம்பி முன்னே நகர்ந்து இதயப் பையையே குத்துகிறது. மாடு முழங்கையை விலக்கி வைத்து நிற்கும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். பிளாஸ்டிக் வேறு மாதிரி. அது குத்துவதில்லை, கரைவதும் இல்லை. வருடக்கணக்கில் கயிறாகத் திரிந்து, முதல் அறையில் பந்தாகக் கிடக்கிறது. இரை எடுப்பது குறைகிறது, பால் வற்றுகிறது, "தீனி ஒட்டல" என்று சொல்லிப் பருத்திக்கொட்டை கூட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை 2019 ஜனவரி 1இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவர்கள் திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒரு பெரிய அரிசி மூட்டையின் எடை. அவ்வளவையும் சுமந்துகொண்டு அந்தப் பசு நின்றது, நடந்தது, கன்றும் ஈன்றது.

வ. புதுப்பட்டி

வ. புதுப்பட்டிக்கு வரும்போது மலை மிக அருகில் வந்துவிடுகிறது. முன்னெழுத்து வத்திராயிருப்புக்கானது. புதுப்பட்டிகள் எத்தனையோ இருப்பதால் ஊர்க்காரர்கள் அந்த எழுத்தை விட்டுக் கொடுப்பதில்லை. பிளவக்கல் அணைகளின் தண்ணீர் இந்தப் பக்கத்து வயல்களை நனைக்கிறது. நெல், தென்னை, மா. தெருக்களில் மாடு கட்டாத வீடு குறைவு. காலையில் பால்கேன் கட்டிய வண்டிகள் போனபின் ஊர் கொஞ்ச நேரம் அடங்கி, சாணி மணத்தோடு மெதுவாக எழுந்திருக்கிறது. சென்னையில் நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நாய் டாக்டர், இங்கே மாட்டாஸ்பத்திரி. அந்தப் பெயரிலேயே ஒரு வரிசை இருக்கிறது. மாடு முதலில், ஆடு அடுத்தது, நாய் கடைசி.

மாட்டின் மேல் உள்ள இந்த அன்பே அதன் வயிற்றை எரிக்கிற நாள் ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலன்று பொங்கலும் சோறும் பழமும் தட்டுத் தட்டாக ஊட்டப்படுகின்றன. விருந்து முடிந்த கல்யாண வீட்டிலும் அப்படியே, மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். வளர்ந்த பசுவின் முதல் அறை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும், அதனால் "எவ்வளவு போட்டாலும் தாங்கும்" என்று தோன்றுகிறது. ஆனால் அந்த அறை செரிக்கும் பை அல்ல, புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு. அங்கே பி.எச். 6, 7 என்ற அளவில் நிற்க வேண்டும். வெந்த சோறு மொத்தமாக விழுந்தால் மாவைத் தின்னும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. பி.எச். 5க்குக் கீழே போகிறது, புல்லைச் செரிக்கும் கூட்டம் செத்துவிடுகிறது, சுவரில் உள்ள மெல்லிய காம்புகள் வெந்து உரிகின்றன. உடலின் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட, கண் குழி விழுகிறது, அசை நிற்கிறது, மாடு படுத்துவிடுகிறது. பிழைத்த மாட்டிலும் வெந்த சுவர் வழியே கிருமிகள் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டியாக உட்காரலாம். பொங்கலை ஊட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்த நாளின் அழகு அப்படி. ஒரு கைப்பிடி ஊட்டலாம். தொட்டியில் கொட்டுவது வேறு.

நாய்க்குத் திரும்பினால், இங்கே ஒரு நியாயமான மறுப்பு காத்திருக்கிறது. எல்லா வாந்தியும் தட்டிலிருந்து வருவதில்லையே என்பது. வருவதில்லைதான். 1978இல் முதலில் கண்டறியப்பட்டு உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரஸ் குட்டிகளை வாந்தியிலும் நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சலிலும் இரண்டு மூன்று நாளில் சாய்த்துவிடுகிறது. அது மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நெல் வயல் ஊர்களில் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கு வருகிறது, வாந்தியும் மஞ்சளுமாகக் காட்டுகிறது, அது வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். சிறுநீரகம் கெட்ட கிழட்டு நாயின் இரைப்பை, இரத்தத்தில் தேங்கிய கழிவால் புண்ணாகிறது. புழுக்கள் உண்டு, பயிருக்கு அடித்த மருந்து உண்டு. இவை அனைத்தும் என் வாதத்தை வெட்டுவதில்லை, இன்னும் இறுக்குகின்றன. இத்தனை வழிகளில் வரக்கூடிய ஒன்றை "கண்டதத் தின்னிருக்கும்" என்று ஒதுக்கினால் பார்வோக் குட்டியும் பை விழுங்கிய நாயும் ஒரே மூலையில் கிடந்து சாகும். பார்வோவுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை தவணையாகப் போட வேண்டும். குட்டிக்கு உயரம் பார்த்து விலை பேசுகிறவர்கள் இந்தத் தவணையையும் கேட்டு வாங்க வேண்டும்.

"மனுசனுக்கே கஞ்சி கஷ்டம், நாய்க்குப் பத்தியமா?" என்பது கடைசி மறுப்பு, எல்லாவற்றிலும் வலியது. கடையில் விற்கும் நாய்த் தீனியை இந்தத் தெருக்களுக்கு யாரும் சிபாரிசு செய்ய முடியாது. தேவையும் இல்லை. குழம்பு ஊற்றுவதற்கு முன் ஒரு கை சோறு தனியே எடுத்து வைப்பதற்கும், எலும்பைக் குழிதோண்டிப் போடுவதற்கும், சால்னாப் பையைக் கழுவித் தனியே வைப்பதற்கும் காசு ஆகாது. தூக்குவாளி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பையே வராது. வளர்ந்த நாய் ஒன்றிரண்டு தடவை கக்கிவிட்டுச் சுறுசுறுப்பாக இருந்தால் அரை நாள் சோறு நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பார்க்கலாம். குட்டியைப் பட்டினி போடக் கூடாது, அதன் உடலில் சேமிப்பு கிடையாது. இரத்தமோ காப்பி நிறமோ தெரிந்தாலும், ஒரு நாள் தாண்டியும் நிற்காவிட்டாலும், நாய் எழ முடியாமல் படுத்தாலும் 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அதற்கு மேல் பார்க்க வேண்டியிருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூரம்தான், பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்பதும் உண்மைதான். தாலுகா அளவில் நாய்க்கும் பூனைக்கும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. தபால்தலையில் அச்சடித்த நாய் பிறந்த மாவட்டம் இது.

தாணிப்பாறை

வத்திராயிருப்பைத் தாண்டிச் சதுரகிரி மலையடிவாரமான தாணிப்பாறையில் சாலை முடிகிறது. இதற்கு மேல் சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குக் கால்நடையாகத்தான் ஏற வேண்டும். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானவர்கள் இந்தப் பாதையில் ஏறுகிறார்கள். வனத்துறையினர் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார்கள். வரிசையில் நிற்கிற சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சோதனை எனக்கு இந்தப் பயணத்திலேயே மிக நல்ல காட்சியாகப் பட்டது. ஒரு ஊர், எச்சில் காட்டுக்குள் போகும் முன் அதன் மேல்துணியைக் கழற்றி வாங்கிக்கொள்கிறது. கீழே பேருந்து நிலையத்திலும் பரோட்டாக் கடை வாசலிலும் அதே கண்டிப்பு இருந்தால் என்ன என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காட்டின் விளிம்பில் நாயின் நோய் நாயோடு நிற்பதில்லை. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. தெருநாயும் செந்நாயும் ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கிற இந்த அடிவாரத்தில் குட்டிகளுக்குப் போடும் ஊசி புலிக்கும் சேர்த்துப் போடுவதுதான். பாதையோரக் குரங்குகள் பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கப் பழகிவிட்டன. மலை ஏறுகிறவர்கள் பாவம் என்று போடுகிறார்கள். அத்திக்காயும் தளிரும் நார்ச்சத்துமாக வாழ்ந்த வயிற்றில் சர்க்கரையும் மாவும் விழுகின்றன, புளிக்கின்றன.

பக்தர்களோடு பாதி மலைவரை ஏறி இறங்குகிற நாய்கள் அடிவாரத்தில் எப்போதும் இருக்கும். மழை பெய்து ஓடையோரம் புல் துளிர்த்த நாட்களில் அவை புல் மேய்வதைப் பார்க்கலாம். முன்பற்களால் நுனியை மட்டும் கவ்வி, தலையைச் சாய்த்து, கடைவாயில் நிதானமாக மெல்கின்றன. வயிறு சரியில்லாத நாய் தானே வாந்தி எடுக்கப் புல் தின்கிறது, அதனால் வைத்தியம் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட கணக்கில், புல் தின்னும் முன் நோயாகத் தெரிந்த நாய்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. தின்றபின் வாந்தி எடுத்தவை நான்கில் ஒன்றுகூட இல்லை. மூதாதைகளிடமிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஓடைக்கரை நாயும் கக்குவதில்லை. ஒரு கொத்து முடித்து அடுத்த கொத்துக்குப் போகிறது, தண்ணீரில் நாக்கை நனைக்கிறது, படியிறங்கி வருகிறவர்களின் கைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பாறையோரம் உட்காருகிறது.